தொட்டிக்குள் கையை விட்டவன்

தம்பி,

போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நீ பார்த்தது மீசைக்காரன் இல்லை. அதற்கு முந்தின மூன்று வெள்ளிக்கிழமைகளில் பார்த்ததும் அவன் இல்லை. அவன் செத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. கொன்றது நான்தான். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் போன் முன்னால் உட்காருகிறேன். "ஏப்பா, மீசைக்காரன் என்ன பண்றான்?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டதும் வாய் பூட்டிக்கொள்கிறது. முப்பத்திரண்டு வருசம் பஸ் கூட்டத்துக்குள் புகுந்து கத்தியே பிழைத்த கண்டக்டர் வாய்! உன் அம்மாதான் பார்த்துச் சலித்துப்போய், "சொல்ல வரலேன்னா எழுதித் தொலைங்க, போட்டோ எடுத்து அனுப்பிருவோம்" என்று இந்த நோட்டைக் கையில் திணித்தாள். எழுதுகிறேன். பக்கம் பக்கமாக வரும். பசியோடு படிக்காதே, சாப்பிட்டுவிட்டுப் படி.

ஒரு மீனுக்கு எதற்கு இம்புட்டு பீடிகை என்று வேறு யாராவது கேட்பார்கள். நீ கேட்க மாட்டாய். நீ அங்கே வெளிநாட்டில் இரண்டு வருசத்தை ஓட்டிவிடலாம் என்று நம்பியதே, திரும்பி வந்தால் மாடி அறையில் அவன் இருப்பான், விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான்கு வாரம் பொய் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கும், நீ காலேஜ் இரண்டாம் வருசம் படிக்கும்போது பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு இரண்டு மீன் கொண்டுவந்தாய். சிவப்பும் இல்லை, தங்கமும் இல்லை. கரிக்கட்டை மாதிரி உடம்பு, அதில் புள்ளி புள்ளியாக, வாய் முகத்துக்குக் கீழே. கீழே கூடத்தில் வைத்த தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றன. "காசு குடுத்து வாங்குனதுதான் வாங்குன, கண்ணுக்கு லெச்சணமா ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்று கேட்டேன். கொஞ்ச நாளில் ஒன்றுக்கு மூக்கின் மேல் கொத்துக் கொத்தாக முள் மாதிரி மீசை முளைத்தது. "அது ஆம்பளைப்பா, அப்படித்தான் மொளைக்கும்" என்றாய். நக்கலாக நான்தான் மீசைக்காரன் என்று பேர் வைத்தேன். நீ அதையே பேராக எடுத்துக்கொண்டாய்.

பிறகு மாடியில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குப் போய் ஒன்று இரண்டாகி, இரண்டு பன்னிரண்டு தொட்டியானது. நம் நாகமலைப் போர்த் தண்ணீர் உப்பு என்று யுனிவர்சிட்டி பக்கம் போய் வாதாங்கொட்டை மரத்துச் சருகைச் சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் ஊறப் போடுவாய். குஞ்சுகள் கட்டைவிரல் நீளம் வந்ததும் பையில் காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்டு, தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, டிவிஎஸ்ஸில் டவுனுக்குக் கொண்டுபோவாய். ஒருநாள் அங்கே பாயின் வண்ண மீன் கடை வாசலில் நான் இறங்கியபோது அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மெட்ராஸ் லாரியில வர்ற மீனு நாலு நாள்ல மல்லாந்துருது. உங்க பையன் மீனு நம்மூரு உப்புத் தண்ணியிலயே பொறந்ததா, சாகவே மாட்டேங்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாகலேன்னா அப்புறம் யாவாரம் எப்படி பாய் ஓடும்?" அவர் சிரித்தார். நீ பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாய், சிரிக்கவில்லை. அத்தனை வருசத்தில் உன்னை ஒருத்தர் என் முன்னால் புகழ்ந்தது அது ஒருமுறைதான். அதையும் நான் கேலியாக்கிவிட்டேன்.

டீக்கடையில் யாராவது "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் "பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கான்" என்பேன். என்ன பரீட்சை என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை. நீ இருந்தவரை அந்த மாடி அறைக்கு நான் ஏறி வந்ததே இல்லை. படியில் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று கீழே நின்று கத்தியதோடு சரி.

அடுத்தது செக்கானூரணி. அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதில்லை. பெண் பார்க்கப் போய் உட்கார்ந்து, காராச்சேவும் காபியும் வந்து, பெண்ணின் அப்பா, "மாப்ள என்ன பண்றாக?" என்று கேட்டார். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறான் என்றால் சின்னப் பையன் விளையாட்டு மாதிரி இருக்குமே என்று எனக்குப் பயம். இந்த மீனும் கெளுத்தி இனம்தான் என்று என்றைக்கோ நீ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்சம் கெத்தாக இருக்கட்டும் என்று, "கெளுத்திப் பண்ணை வச்சிருக்கான்" என்று விட்டேன். என் நாக்கில் சனி!

நம் பக்கத்தில் கெளுத்திப் பண்ணை என்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரம் உறைக்கவில்லை. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, கோழிக் கழிவைக் கொட்டி வளப்பாகளே, கவருமெண்டுல தடை போட்ருக்காகளே, அந்தக் கெளுத்தியா? எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல ஒருத்தன் வச்சிருந்தான். ஆபீசருக ஜேசிபியோட வந்து மண்ணைப் போட்டு மூடுனாக. நாத்தம் இன்னும் போகல." எனக்கு மூஞ்சி செத்துவிட்டது. நீதான் பொறுமையாக, "இல்லங்க, இது வேற மீனு. இம்புட்டுத்தான் இருக்கும், வீட்ல தொட்டியில வளக்குறது" என்று கட்டைவிரலைக் காட்டினாய். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "இம்புட்டு மீனை வச்சு என்ன கொழம்பு வைக்கிறது?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் தம்பி. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள், பெண் இன்னும் படிக்க வேண்டுமாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தப்பு என் வாயில். ஏச்சு உனக்கு. அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், "நாலு பேரு முன்னாடி சொல்ற மாதிரி ஒரு வேலை இருக்காடா உனக்கு?" என்று கேட்டேன். முன் சீட்டில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். அந்த வாரமே ஏஜெண்டிடம் கூட்டிப் போனேன். ஸ்டோர் கீப்பர் வேலை, ஏசி ரூம், இரண்டு வருசம் என்றான். நீ ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிப்பா என்றாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். "புத்தி வந்துருச்சு பாத்தியா" என்று உன் அம்மாவிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

போகும் முன்னால் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாய். எந்தத் தொட்டிக்கு எப்போது தண்ணீர் மாற்றுவது, மாற்றும் தண்ணீரை டிரம்மில் இரண்டு நாள் பிடித்து வைப்பது, கரண்ட் போனால் எந்த சுவிட்ச், எல்லாம். கடைசியில் ஏர்போர்ட்டில் உள்ளே போனவன், வாசலில் நின்று திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினாய். பின்னால் வேன்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். எனக்குக் கேட்டது இதுதான்: "அப்பா, மீசைக்காரன்... கைய விட்றாதீங்க!" கைவிட்டுவிடாதீங்க என்று கேட்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் தூக்கி, "விட மாட்டேன்டா! நீ நல்லபடியா போயிட்டு வா!" என்று நானும் கத்தினேன். நீ தலையாட்டிவிட்டு உள்ளே போனாய்.

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தேன், நம்பு. மூட்டு வலியோடு தினமும் இரண்டு வேளை மாடி ஏறினேன். உன் அம்மா சுரைக்காயில் பிஞ்சுப் பகுதியை மீனுக்கு நறுக்கிவிட்டு முற்றலை எனக்குக் கூட்டு வைத்தாள். "அதுக பச்சையாத் திங்குதுக, பல்லு இல்ல. உங்களுக்கென்ன?" என்றாள். போகப் போக எனக்கே பிடித்துப்போனது. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. மீசைக்காரன் நீ வெட்டி வைத்த பைப்புக்குள் பின்பக்கமாக நுழைந்து, மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பான். டிக்கெட் எடுக்காத ஆள் மாதிரி ஒரு முழி. இத்தனை வருசம் இதை நீ தனியாக உட்கார்ந்து பார்த்தாயே, ஒருநாளாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்?

ஐப்பசி மழை பெய்து தண்ணீர் குளிர்ந்தது. அதற்கப்புறம் ஒருநாள் அவன் பைப்புக்குள் போனவன் வெளியே வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சுரைக்காயைப் போட்டால் மற்றதெல்லாம் மொய்க்கிறது, அவன் அசையவில்லை. ஐந்து நாள். குனிந்து பார்த்தால் உள்ளே துடுப்பை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறான். எனக்கு அது இழுப்பு மாதிரி தெரிந்தது. உடம்பு பெருத்துப் பைப்பில் சிக்கிக்கொண்டான், மூச்சு முட்டுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, வேலை நாளில் உன் போன் அணைந்தே கிடக்கும், இடையில் உன்னைப் பிடிக்க வழியில்லை. "பாய்க்கு ஒரு போன் போடுங்களேன்" என்றாள் உன் அம்மா. "என் மகன் மீனை அவர்ட்ட என்ன கேக்குறது? கைவிட மாட்டேன்னு சொல்லிருக்கேன், நான் பாத்துக்குறேன்" என்று சட்டையை மடித்துவிட்டேன்.

கையை விட்டேன். பைப்பைத் தூக்கினேன். அவன் உள்ளே முள்ளை விரித்து இறுக்கிக்கொண்டான். கவிழ்த்து உலுக்கினேன். வரவில்லை. விரலை விட்டு மீசையோடு பிடித்து இழுத்தேன். பஸ் படியில் தொங்குகிறவனை உள்ளே இழுத்துப் போட்ட கை அல்லவா, வந்துவிட்டான். விலாப்பக்கம் இரண்டு செதில் தட்டு பெயர்ந்து ரத்தம். அவன் பின்னாலேயே கேசரிப் பவுடர் போட்ட ஜவ்வரிசி மாதிரி ஒரு கொத்து, பொலபொலவென்று உதிர்ந்து தொட்டியெல்லாம் பரவியது. அது என்னவென்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கழிசடை ஏதோ அடைத்திருந்தது, எடுத்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிசம் சந்தோசப்பட்டேன். பைப்பைக் கழுவித் திரும்ப வைத்தேன். அவன் அதற்குள் போகவில்லை. மூலையில் கிடந்தான். இரண்டாம் நாள் மல்லாந்தான்.

அவனை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "யா அல்லா! என்ன அண்ணே பண்ணிட்டீங்க? அது முட்டைக்குக் காவல் உக்காந்திருக்கு. இந்த ஜாதியில தாய் போட்டுட்டுப் போயிரும். தகப்பன்தான் உள்ள உக்காந்து விசிறிக்கிட்டே இருக்கும். சோறு தண்ணி கெடையாது. தாங்கிக்கிரும். நாமதான் தொடக் கூடாது." டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உங்க பையன் ஊருக்குப் போறப்ப எங்கிட்டகூடச் சொன்னானே. 'அவன் பைப்புக்குள்ள போயிட்டா யாரும் தொட்டிக்குள்ள கைய விடக் கூடாது பாய், அப்பாகிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்'னு."

அப்போதுதான் தம்பி, அந்த ஹாரன் சத்தத்துக்குள், அட்டையில் எழுத விட்டுப்போன எதை நீ கத்தினாய் என்று எனக்கு விளங்கியது. நடுவிலிருந்த ஒரே ஒரு வார்த்தை எனக்குக் கேட்கவில்லை. தொட்டிக்குள். அவ்வளவுதான். கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாய்க்கு என்ன தோன்றியதோ, முன்பக்கத் தொட்டியில் கண்ணாடி துடைக்க விட்டிருந்த ஒருத்தனை வலையில் பிடித்துப் பையில் போட்டுக் கொடுத்தார். நீ மூன்று வருசத்துக்கு முன்னால் அவருக்குக் கொடுத்தது, மீசைக்காரன் குஞ்சுதான். அவனைத்தான் நான்கு வாரமாக உனக்குக் காட்டினேன். "இளைச்சுட்டானேப்பா" என்றாய். "மழைக்குச் சரியாத் திங்கல" என்றேன். எவ்வளவு லேசாக வருகிறது பொய்!

இதை இப்படியே விட்டிருப்பேன். போன வாரம் சமயநல்லூர்க்காரர் ஒருத்தர் வந்தார். நீ தங்கியிருக்கும் கேம்ப்பில் உன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்திருந்தவராம், உடம்பு சரியில்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நீ கொடுத்த பேரீச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, உன் அம்மா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் வேலை இல்லை, குளிர்க் கிடங்கில் உறைந்த மீன் பெட்டி தூக்குகிற வேலை. கையுறை ஒரு ஜோடியை ஆறு பேர் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "தம்பிக்கு வெரலெல்லாம் வீங்கி வெடிச்சுக் கெடக்கு. வீட்ல சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். என்னால சொல்லாம இருக்க முடியலம்மா" என்று அந்த மனுசன் அழுதுவிட்டார்.

மீன் வேலை கேவலம் என்று உன்னை அனுப்பினேன். அங்கேயும் உனக்கு மீன்தான். செத்த மீன்.

அவர் போனபிறகு யோசித்துப் பார்த்தேன். ஏழெட்டு மாதமாக வீடியோவில் உன் கையை நாங்கள் பார்க்கவே இல்லை. முகத்தை மட்டும் காட்டுகிறாய், பின்னால் வெள்ளைச் சுவர். "ஏசி ரூம்ப்பா, ஜாலியா இருக்கேன்" என்கிறாய். நான் உனக்கு வேறு மீனைக் காட்டினேன், நீ எனக்கு வேறு மகனைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம்.

திங்கள்கிழமை, உன்னை மீட்டுத் தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். எனக்கு முன்னால் நீள வரிசை. அங்கே மனு வாங்கிய ஆபீசர் அம்மா நல்ல மாதிரிதான், உட்கார வைத்துக் கேட்டது. "உங்க மகன் புகார் ஏதாவது எழுதி அனுப்பிருக்காரா?" என்றது. இல்லை என்றேன். "போன்ல சொல்லிருக்காரா?" அதுவும் இல்லை. "நல்லா இருக்கேன்னுதான் சொல்றான்மா" என்றேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டது. "அவரே நல்லா இருக்கேன்னு சொல்றப்ப நாங்க எதை வச்சு எழுதுறது அப்பா? அவர் கையால ஒரு வரி வேணும், எங்க இருக்காரு, என்ன நடக்குதுன்னு. அது வந்தா அடுத்து நான் பாக்குறேன்." மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அம்மா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்கிறாள். மூன்றாவது பொய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இனி உன் வாழ்க்கையில் யார் என்ன கேட்டாலும் நீயே பதில் சொல். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் என் வாயைப் பொத்திவிட்டுச் சொல். கட்டைவிரல் அளவு மீன்தான் வளர்க்கிறேன் என்று சொல். அதைக் கேட்டுச் சிரிக்கிற வீட்டில் நமக்கு என்ன வேலை? அப்போது எழுந்து வந்திருக்க வேண்டியவன் நான்.

புதியவன் முந்தாநாள் பைப்புக்குள் போயிருக்கிறான். இன்றைக்கு மூன்றாவது நாள். சுரைக்காயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துடுப்பு மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவனுக்குப் பின்னால் ஓரத்தில் அந்தக் கேசரி நிறம் தெரிகிறது. நான் ஸ்டூலில் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருப்பது இம்புட்டுக் கஷ்டம் என்று இந்த வயதில் தெரிகிறது. இவை பொரிக்குமா, தெரியாது. பொரித்தாலும் மீசைக்காரன் வரப்போவதில்லை. நீ திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் உன் விசயத்தில் எனக்கு எது சரியென்றே தெரியவில்லை. நீயும் உள்ளே போய் இறுக்கிக்கொண்டு கிடக்கிறாய். சாப்பிடவில்லை என்று தெரிகிறது. தாங்கிக்கொள்கிறாயா, மூச்சு முட்டுகிறதா? வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இழுத்து வெளியே போட எனக்குக் கை பரபரக்கிறது. ஒருமுறை கேட்காமல் இழுத்ததற்கு நடந்ததைப் பார்த்துவிட்டேன்.

அதனால் வரும் வெள்ளிக்கிழமை நான் போனைத் தொட்டிப் பக்கம் திருப்ப மாட்டேன். நீயும் முகத்தைக் காட்ட வேண்டாம். உன் இரண்டு கையையும் காட்டு. அந்தக் கையாலேயே ஒரு வரி எழுதி அனுப்பு. மனு பையிலேயே இருக்கிறது, சட்டையும் தேய்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நீ சொல்லாமல் கையை விட மாட்டேன். சொல்லு, தம்பி.

அப்பா